சீல் மாற்றியும் ஏன் ஒழுகுகிறது?

கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகும் காட்டு வழியில் சர்க்கரைப்பள்ளமும் குரும்பூர்ப்பள்ளமும் குறுக்கிடுகின்றன. கொங்கு வழக்கில் பள்ளம் என்றால் ஓடை. மழைக்காலத்தில் அவை காட்டாறாகிவிடும். பவானிசாகருக்கு அப்பால் தெங்குமரஹாடா செல்வோர் மாயாற்றைத் தாண்ட வேண்டும். ஆட்கள் பரிசலில் கடப்பார்கள். தண்ணீர் வடிந்திருக்கும் நாட்களில் ஜீப்புகள் ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிடும். தெற்கே ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிற வண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் சக்கரத்தை ஒடித்துத் திருப்ப வேண்டும்.

இந்தப் பாதைகளில் ஓடும் ஃபோர் வீல் வண்டிகள், அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகள், பட்டறைக்கு வரும்போது சொல்லப்படும் புகார்களில் ஒன்று மிகப் பழையது. முன்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்து, அதில் மண் அப்பிப் பிசுபிசுப்பாக இருக்கும். ஆயில் சீலை மாற்றுவார்கள். இரண்டு மூன்று மாதம் சரியாக இருக்கும். பிறகு மறுபடியும் அதே ஈரம். வண்டிக்காரர் மெக்கானிக்கைக் குறை சொல்வார். மெக்கானிக் கடையில் கொடுத்த சீலைக் குறை சொல்வார். இரண்டில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காண முன் ஆக்சிலின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

சாதாரண ஜீப்பின் பின்சக்கரத்துக்கு ஒரே வேலை, சுழல்வது. முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை, சுழல்வதும் திரும்புவதும். ஃபோர் வீல் வண்டியில் சக்கரம் திரும்பிய நிலையிலும் என்ஜினின் விசை அதற்குப் போய்ச் சேர வேண்டும். எனவே விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் நடுவில் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்காக அதில் ஒரு மூட்டு வைத்திருக்கிறார்கள். நம் தோள்மூட்டைப் போல அதற்கும் பசை வேண்டும், மண்ணும் தண்ணீரும் படாத உறை வேண்டும்.

அந்த உறை எப்படி இருக்கிறது என்பதில்தான் வண்டிக்கு வண்டி வேறுபாடு. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய ஜீப்புகளில் உறை என்பது உள்ளே குடைந்த ஓர் இரும்புக் கோளம். 1985-இல் வந்த மாருதி ஜிப்சியிலும் அதே ஏற்பாடுதான். 2023-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. தார் போன்ற வண்டிகளில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குவதால் அமைப்பு வேறு. அங்கே மூட்டை மூடியிருப்பது மடிப்புகள் கொண்ட ரப்பர் உறை. அது கிழிந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். இங்கே சொல்லப்போவது இரும்புக் கோளம் உள்ள வண்டிகளைப் பற்றி.

ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தெரிவது டிஃபரன்ஷியல், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. அதற்குள் கியர் ஆயில் இருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் குழாய்கள் நீள்கின்றன. குழாயின் முனையில்தான் அந்தக் கோளம். கோளத்தைக் கிண்ணம்போலச் சுற்றிப் பிடித்திருக்கும் வார்ப்புக்கு நக்கிள் என்று பெயர். நக்கிள் கோளத்தோடு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு முளைகளால் இணைகிறது. இவை கிங்பின்கள். கதவு கீலில் திரும்புவதுபோல் சக்கரம் இவற்றில்தான் திரும்புகிறது. ஒவ்வொரு கிங்பின்னிலும் ஒரு சிறு பேரிங் உண்டு. நக்கிளிலிருந்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குழல் ஸ்டப் ஆக்சில். அதன்மேல் இரண்டு பெரிய பேரிங்குகள். அவற்றின்மேல் ஹப், ஹப்பில் சக்கரம். ஷாஃப்ட் ஸ்டப் ஆக்சிலின் துளை வழியாக வெளியே வந்து ஹப்பைப் பற்றிக்கொள்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியின் பாரத்தை ஷாஃப்ட் தாங்குவதில்லை. ஸ்டப் ஆக்சிலும் அந்த இரண்டு பேரிங்குகளும்தான் தாங்குகின்றன.

இப்போது சீல்களுக்கு வருவோம். ஒரு சக்கரத்துக்கு முக்கியமாக மூன்று. முதலாவது உள் சீல். இது குழாயின் முனையில், ஷாஃப்டைச் சுற்றி இருக்கிறது. டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் கோளத்துக்குள் வராமல் தடுப்பது இதன் வேலை. இரண்டாவது வெளி சீல். கோளத்தின் வெளிப்பரப்பைத் தழுவி நிற்கும் பெரிய வளையம், கூடவே கம்பளிபோன்ற ஃபெல்ட் வளையம். உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே போகாமலும் வெளியே இருக்கும் சேறு உள்ளே வராமலும் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவது ஹப் சீல். பேரிங் கிரீஸ் பிரேக் பக்கம் போகாமல் காக்கிறது.

ஆக, “ஒழுகுகிறது” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. பிரேக் ஆயிலையும் சேர்த்தால் நான்கு. விரலில் தொட்டு முகர்ந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. பிரேக் ஆயில் தண்ணீர்போல் நீர்த்திருக்கும். கிரீஸ் கட்டியாக வழியும்.

கோளத்தின் அடியில் கந்தக வாடையோடு எண்ணெய் சொட்டினால் என்ன பொருள்? உள் சீல் தோற்றுவிட்டது. கியர் ஆயில் கோளத்துக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. கரைந்த குழம்பு வெளி சீலைத் தாண்டி வருகிறது. வெளி சீல் கெட்டிக் கிரீஸுக்குக் காவல் இருக்கச் செய்யப்பட்டது. நீர்த்த எண்ணெயை அது நிறுத்தாது. நிறுத்தவில்லை என்று அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஈரம் தெரிவது அங்கேதான். அதனால் அதைத்தான் மாற்றுகிறார்கள். உள்ளே இருப்பதை மாற்ற முழுவதையும் கழற்ற வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

சரி, உள் சீலையே மாற்றியும் ஒழுகினால்? அதற்கு ஆயில் சீல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது தண்ணீர்க் குழாயின் வாஷர்போல் அழுத்தி அடைப்பதில்லை. தகட்டு வளையத்துக்குள் ரப்பர் உதடு. உதட்டின் பின்னால் மெல்லிய சுருள் கம்பி. அந்தக் கம்பி உதட்டை ஷாஃப்டின்மேல் இதமாகப் பிடித்திருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் உருவாகிறது. உதடு உண்மையில் அந்தப் படலத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. படலம் இல்லாவிட்டால் ரப்பர் கருகும். அதனால்தான் புதுச் சீலைப் பூட்டும்முன் உதட்டில் கிரீஸ் தடவச் சொல்வார்கள். சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து துண்டிக்கும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள ஜீப்புகளை அவ்வப்போது இணைத்து ஓட்டச் சொல்வதும் இதற்காகவே. ஷாஃப்ட் சுழலாமல் கிடந்தால் உதடு காய்ந்துபோகும்.

படலத்தோடு தூசியும் சேர்ந்தால் அது எமரித் தாள்போல் அரைக்கும். ரப்பர் மென்மையானது, இரும்பு கடினமானது, எனவே ரப்பர்தான் தேயும் என்று நினைப்போம். நடப்பது வேறு. தூசித் துகள் ரப்பரில் பதிந்துகொண்டு இரும்பைத் தேய்க்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடிய ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் ஒரு வரிப்பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். புதுச் சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? கோளத்தின் பரப்பில் துருப்பிடித்துக் குழிகள் விழுந்திருந்தாலும் இதே கதைதான். திரும்பும் ஒவ்வொரு முறையும் குழியின் விளிம்பு வெளி சீலைச் சீவும்.

இதற்கு வழிகள் உண்டு. பள்ளத்தைத் தவிர்த்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிச் சீலை உட்கார வைக்கலாம், இடம் இருந்தால். இல்லையென்றால் ஷாஃப்டுக்கு ஸ்லீவ் என்னும் மெல்லிய உலோக உறை போடலாம். இந்த இடத்தில் கோவைக்காரர்களுக்கு ஓர் அனுகூலம். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் செய்த ஊர் இது. பம்புசெட்டுக்கும் மில்லுக்கும் கடைந்து கடைந்து கை பழகிய லேத் பட்டறைகள் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் இன்றும் ஓடுகின்றன. ஒரு ஸ்லீவ் கடைய இங்கே யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. சீலைச் சுத்தியலால் அடித்து உட்கார வைக்காமல், அதன் விட்டத்துக்கேற்ற இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்து வைத்துக்கொண்டு சீராகத் தட்டி இறக்கும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பேரிங். கிங்பின்னிலும் ஹப்பிலும் இருப்பவை டேப்பர் ரோலர் பேரிங்குகள். ரோலர்கள் ஒருபுறம் சற்றே கூம்பியிருக்கும். 1898-இல் ஹென்ரி டிம்கன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கூம்பிய வடிவத்தால் மேலிருந்து வரும் பாரத்தையும் வளைவில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒன்றாகத் தாங்கும். வெளி வளையத்தைக் கப் என்றும், ரோலரோடு கூடிய உள் பகுதியைக் கோன் என்றும் சொல்வார்கள். ஒரு கோன் ஒரு திசைத் தள்ளலைத்தான் தாங்கும். எனவே எப்போதும் இரண்டு, எதிரெதிராக. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. இறுக்கினால் சூடாகித் தீயும். தளர்ந்தால் ஆடும்.

கிங்பின் பேரிங் தளர்ந்தால் நக்கிள் கோளத்தைச் சுற்றி நடுவில் நிற்காது. வெளி சீல் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் விலகும். அந்த நிலையில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்காது. ஓட்டத்தில் ஸ்டீயரிங் உதறுவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பழுது ஹப் பேரிங்கில். மிதித்தும் ஆடினால் கிங்பின்னில்.

இனி தண்ணீர். வண்டி மலையேறி வரும்போது ஆக்சிலின் உள்ளே காற்று 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருப்பதாகக் கொள்வோம். அப்படியே 25 டிகிரி ஆற்றுக்குள் இறங்கினால் அந்தக் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்குகிறது. மூடிய கலமாக இருந்தால் உள்ளழுத்தம் சுமார் பத்து சதவீதம் இறங்கும். ஒரு மீட்டர் உயரத் தண்ணீரை உறிஞ்ச அது போதும். சீலின் உதடு உள்ளிருந்து வரும் எண்ணெயைத் தடுக்கச் சாய்த்து வைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் தள்ளலுக்கு அது விலகிக் கொடுத்துவிடும். இதைத் தவிர்க்கவே ஆக்சிலின் மேல் பிரீதர் என்னும் சிறு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். சேறு அதை அடைத்துவிட்டால் ஆற்றில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும். மேட்டில் ஏறிச் சூடாகும்போது எண்ணெயை வெளியே தள்ளும். சில இடங்களில் சீலைக் கெடுத்தது இந்த அடைப்புதான். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி என்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது மலைப்பக்க வண்டிகளில் வழக்கம். அது டிஃபரன்ஷியலைக் காக்கும். கோளத்துக்குத் தனி மூச்சுத்துளை இல்லை. அங்கே வெளி சீலை நம்பித்தான் ஆக வேண்டும்.

வேலையின் வரிசையைச் சுருக்கமாகச் சொன்னால், சக்கரம், பிரேக், ஹப், ஸ்டப் ஆக்சில், ஷாஃப்ட், நக்கிள் என்று வெளியிலிருந்து உள்ளே கழற்றிக்கொண்டே போவது. திரும்பப் பூட்டும்போது கிங்பின்னின் இறுக்கத்தை ஷிம் என்ற மெல்லிய தகடுகளால் சரிசெய்வார்கள். வெளி சீலைப் பூட்டும் முன், ஸ்டீயரிங் கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, கையேட்டில் சொன்ன எடையில் நக்கிள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் கை உணர்விலேயே இதை முடித்துவிடுகிறார்கள். பழைய ஜீப்பின் ஹப் பேரிங்குக்கு வழி இன்னும் எளிது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே, அது பிடிக்கும் வரை நட்டை முறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்திப் பூட்டு வாஷர் போடுவது.

எல்லாவற்றையும் புதிதாக மாற்றியாக வேண்டுமா? சீல்களைப் பொறுத்தவரை ஆம். கழற்றிய சீலை மறுபடி போடுவதில் மிச்சப்படுவது எதுவுமில்லை. பேரிங்கைக் கழுவி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கப்பின் பரப்பு வழவழப்பாக, ஒரே நிறமாக இருந்தால் அது இன்னும் உழைக்கும். நீலம் பாய்ந்திருந்தாலோ, செதில் உதிர்ந்திருந்தாலோ, ரோலர் இடைவெளிக்குச் சரியாகக் குழிகள் விழுந்திருந்தாலோ கப்பும் கோனும் சேர்ந்தே போக வேண்டும். பழைய கப்பில் புதுக் கோன் போடுவது வேண்டாம். வில்லிஸ் வழி ஜீப்பின் ஹப் பேரிங் எண் கோனுக்கு 18590, கப்புக்கு 18520. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைவிட பேரிங்கில் பொறித்த எண்ணைப் படிப்பது நல்லது. போலிகள் பெட்டியில்தான் அழகாக இருக்கும்.

கூலியோடு ஒப்பிட்டால் சீலின் விலை சிறிது. எனவே ஒரு பக்கம் திறக்கும்போது மூன்று சீலையும் ஒன்றாக மாற்றிவிடுவது பெரும்பாலும் நியாயமான கணக்கு. அந்தக் கணக்கு, ஷாஃப்டையும் கோளத்தையும் பிரீதரையும் பார்த்த பிறகே பொருந்தும். பார்க்காமல் மாற்றினால் மூன்று சீலும் அடுத்த மழைக்கே மறுபடி வரும்.

வேலை முடிந்த வண்டி முதல் முறை ஆற்றைத் தாண்டி வந்ததும் ஒரு ராத்திரி அசையாமல் நிற்கட்டும். காலையில் டிஃபரன்ஷியலின் அடி நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். உள்ளே போயிருந்தால் அடியில்தான் கிடக்கும். முதல் சொட்டு எண்ணெயாக வந்தால் நட்டை இறுக்கிவிட்டு வேலைக்குப் போகலாம்.