துளையிடுவது வேறு, மாட்டுவது வேறு

“கைக்கடிகாரப் பட்டையை இறுக்குவதுகூட வேலையாம்! யூதர்களின் சபாத் சட்டம் மனிதனை வதைக்கத்தான்” என்கிறார் நண்பர். முதலில், வாராந்திர ஓய்வுநாளான சபாத்துக்குரிய அந்தச் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. ஏற்கெனவே உள்ள துளையில் பட்டையை மாட்டி இறுக்கலாம். புதிதாகத் துளை போடத்தான் தடை. அன்றே அவிழ்க்கப்போகும் சுருக்கை ஷூ கயிற்றில் போடலாம். புது ஷூவில் முதன்முறையாகக் கயிறு கோப்பது கூடாது.

ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் பித்தான் தைப்பவர் வேலை செய்கிறார். அந்தப் பித்தானைப் போட்டுக்கொள்ளும் சிப்பாய் உடுத்துகிறார், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டின்மீதே அச்சட்டம் நிற்கிறது. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சபாத்தில் கூடாதெனப் பட்டியலிடும் 39 வேலைகளில் முடிச்சிடுவதும் அவிழ்ப்பதும் உண்டு. ஆனால் செருப்பு வார் முடிச்சிலேயே, மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முத் மூன்று நிலை பிரிக்கிறது: செருப்புத் தொழிலாளி போடும் நிலையான முடிச்சு குற்றம், இன்னொன்று குற்றமல்ல, ஆனாலும் கூடாது, அன்றன்றே அவிழ்க்கும் மூன்றாவதற்குத் தடையே இல்லை. வதைக்க நினைப்பவர்கள் இவ்வளவு நுணுக்கமாகவா யோசிப்பார்கள்?

வாரத்தில் ஒரு நாள் எதையும் உருவாக்காமல் இருப்பது வதையா என்று, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்ப்பவரிடம் நண்பர் கேட்டுப் பார்க்கட்டும்.