விமானம் ஏறினால் போதுமா?

சென்னை சென்ட்ரலில் மின்சார ரெயில் ஏறி மேற்கே போகிறவர்களுக்குத் தெரியும். ஆவடியைத் தாண்டியதும் ஒரு நிலையம் வரும். அதன் பெயர் "இந்து கல்லூரி". ஒரு கல்லூரியின் பெயரையே ரெயில் நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள்! அடுத்த நிலையம் பட்டாபிராம்.

1969-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குத் திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்தும் பிள்ளைகள் ரெயிலில் வருகிறார்கள். தங்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள் அவர்களில் உண்டு. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வட்டாரத்துப் பிள்ளைகள் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே வேலை கிடைக்குமா என்று ஒரு கேள்வி. வெளிநாடு போய் மேல்படிப்புப் படித்தால் என்ன என்று இன்னொரு கேள்வி.

நல்ல ஆசைதான். பெற்றோரும் தடுப்பதில்லை. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன. பாஸ்போர்ட், விசா, கம்பளிச் சட்டை, ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் பெட்டிக்குள் ஏறுகின்றன.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. வேறு பழக்கமும் வேறு ருசியும் வேறு மரியாதை முறையும் உள்ள மனிதர்களோடு எப்படி வாழ்வது? அது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. நீச்சலைப் போல அதையும் கற்றுத்தான் ஆக வேண்டும்.

மேதைக்குத் தெரியாத போர்வை

கணித மேதை ராமானுஜனை அறியாத தமிழர் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1914 மார்ச் 17-ந் தேதி "நெவாசா" என்ற கப்பலில் சென்னையில் இருந்து புறப்பட்டார். ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. புறப்படும் முன்பே குடுமியை எடுத்தாகிவிட்டது. மேல்நாட்டு உடைகளும் வாங்கியாகிவிட்டது. ஆக, வெளித் தோற்றம் தயார்!

கேம்பிரிட்ஜில் குளிர்காலம் வந்தது. ஒரு நாள் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அவரைப் பார்க்க வந்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று பெயர் பெற்றவர் இவர்தான். ராமானுஜன் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்குகிறதா என்று நண்பர் விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார்.

மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிப் போர்வைகள் இருந்தன. ஆனால் அவற்றின் ஓரங்கள் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி இருந்தன. மேலே ஒரு விரிப்பு. வெள்ளைக்காரர் வீட்டில் படுக்கை போடும் முறை அது. போர்வையை விலக்கி, உள்ளே நுழைந்து படுக்க வேண்டும். ராமானுஜனுக்கு அது தெரியாது. இருந்த போர்வைகளுக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்!

மகலனோபிஸ் அதைச் செய்து காட்டினார். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடப் பாடத்தை அதற்கு முன் யாரும் நடத்தவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கு அது சொல்லித் தர வேண்டிய விஷயமாகவே தோன்றியிராது. இவருக்கோ, கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது.

போர்வைதான் அவர் உடம்பைக் கெடுத்தது என்று சொன்னால் அது கட்டுக்கதை. காரணங்கள் பல. அவர் சைவ உணவுக்காரர். கல்லூரி மண்டபத்தில் மற்றவர்களோடு சாப்பிட உட்காரவில்லை. அறையிலேயே சமைத்துக்கொண்டார். போர் மூண்டதும் பண்டம் கிடைப்பது கஷ்டமாயிற்று. தனிமையும் சேர்ந்தது. 1917-ல் நோயில் விழுந்தார். 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெரும் பெருமை கிடைத்தது. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

"போதும்" என்றால் கோபமா?

இன்னொரு சம்பவமும் கேம்பிரிட்ஜில் நடந்தது. ராமானுஜன் ஒரு வட இந்திய நண்பரையும், அவருக்கு நிச்சயமாகி இருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்து, தாமே பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை வந்தபோது பெண்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு தொடர்ந்தது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் விருந்து வைத்தவரைக் காணோம்! சில நாள் கழித்துத்தான் அவர் ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டது தெரிந்தது. பரிமாறியதை மறுத்துவிட்டார்களே என்று மனம் நொந்து கிளம்பிவிட்டாராம்.

யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை. தமிழ் வீட்டு இலையில் "போதும்" என்ற சொல் அவ்வளவு சீக்கிரம் செல்லாது. விருந்தாளி கையை மறிப்பார். வீட்டுக்காரர் வற்புறுத்துவார். கடைசியில் ஒரு கரண்டி விழும். வந்தவர்களுக்கோ "போதும்" என்றால் போதும்தான். இரண்டு பக்கமும் மரியாதைதான் காட்டின. ஆனால் ஒருவர் மரியாதை மற்றவருக்கு அவமரியாதையாகப் போய்விட்டது.

இந்தக் கதையில் விருந்து வைத்தவரும் இந்தியர். உண்டவர்களும் இந்தியர்கள். கடல் தாண்டிப் போய் அவர்கள் சந்தித்த வேற்றுமை, உள்நாட்டு வேற்றுமை!

பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடம்

ஆகவே அயலாரோடு பழகும் படிப்புக்கு முதல் வகுப்பைச் சீமையில் தேட வேண்டாம். பட்டாபிராமிலேயே அது நடக்கலாம்.

பட்டாபிராமில் இருந்து ஒரு ரெயில் பாதை "மிலிட்டரி சைடிங்" என்ற இராணுவக் கிடங்குப் பக்கம் பிரிகிறது. பக்கத்து ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளியே வந்தது. இராணுவம், டாங்கித் தொழிற்சாலை, ரெயில்வே என்று பல காரணங்களால் பஞ்சாபியும் மலையாளியும் வங்காளியும் இந்த வட்டாரத்தில் குடியிருந்து வருகிறார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அவர்கள் கை படாத பொருள் குறைவு.

அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? எல்லோருக்கும் ஒரே பெயர்: "இந்திக்காரன்". ஒடிசாக்காரரின் தாய்மொழி ஒடியா. அதற்குத் தனி எழுத்து உண்டு. தமிழுக்கு 2004-ல் கிடைத்த செம்மொழித் தகுதி ஒடியாவுக்கு 2014-ல் கிடைத்தது. சோற்றில் நீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடும் வழக்கமும் அங்கே உண்டு. நமக்குப் பழைய சோறு, அவர்களுக்குப் "பகாள". வெங்காயமும் பச்சை மிளகாயும் அங்கேயும் துணைக்கு வரும்! பல வருடம் ஒரே தெருவில் இருந்தும் இது தெரியாமல் இருப்பவர்கள், கனடா போனதும் கனடாக்காரரைப் புரிந்துகொள்வார்கள் என்று எப்படி நம்புவது?

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு சுலபமான பயிற்சி நடத்தலாம். காசு செலவில்லை. ஆசிரியர் மூன்று கேள்வி கேட்பார். கண்ணால் பார்த்தது என்ன? அதற்கு நீ என்ன அர்த்தம் செய்துகொண்டாய்? அது நல்லது அல்லது கெட்டது என்று எப்படி முடிவு கட்டினாய்? வெளிநாடு போகும் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இதையேதான் கற்பிக்கின்றன.

ஒரு பையன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம்: "பக்கத்து வீட்டு அக்கா மாமனாரைக் கண்டால் பயந்து முக்காடு போட்டுக்கொள்கிறார்." ஆசிரியர் பிரித்துக் காட்டுவார். முக்காடு போட்டது கண்ணால் கண்டது. பயம் என்பது பையனின் ஊகம். போய்க் கேட்டால், பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று அந்த அக்கா சொல்லக்கூடும். அந்த வழக்கம் நமக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் பயம் என்று ஊகித்தது தவறு என்று பையனுக்குத் தெரிந்துவிடும்.

நம் வழக்கமும் அயலாருக்கு இப்படித்தான். மதுரையில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறது. அப்படி வருகிற மாணவர் தமிழ் வீட்டில் இருந்து புறப்படும்போது இலக்கணச் சுத்தமாக "நான் போகிறேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? பாட்டி பதறிப்போவார்! "போய் வருகிறேன் என்று சொல்லப்பா" என்பார். எந்த அகராதியும் அதைச் சொல்லாது. பாட்டிதான் சொல்ல வேண்டும்.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களின் யோசனை

இரண்டு உலகப் போர்களிலும் காயம் பட்டவர்களைத் தூக்கிச் செல்ல அமெரிக்கத் தொண்டர்கள் பலர் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு யோசனை. நாட்டுக்கு நாடு பிள்ளைகளை அனுப்பி, அந்நியர் வீட்டில் மகனாக, மகளாக இருக்கச் செய்தால் அடுத்த போரைத் தடுக்கலாமே! 1947-ல் பத்து நாடுகளில் இருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்தார்கள். "ஏ.எப்.எஸ்." என்ற அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. ஐரோப்பாவில் 1987-ல் "எராஸ்மஸ்" திட்டம் 3,244 மாணவர்களோடு தொடங்கியது. இன்றுவரை அதில் போய் வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

தமிழ்நாடும் இந்தப் பக்கம் அடி எடுத்து வைத்திருக்கிறது. போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். 2024 ஜூனில் "நான் முதல்வன்" திட்ட மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் பயிற்சி பெற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் "கனவு ஆசிரியர்" விருது பெற்ற ஆசிரியர்கள் பிரான்சு போனார்கள்.

கூலித் தொழிலாளியின் பிள்ளை அரசாங்கச் செலவில் விமானம் ஏறுவது சின்ன விஷயம் அல்ல. பாராட்ட வேண்டும். ஆனால் குழுவாகப் போய், குழுவாகத் தங்கி, குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் கட்டிடங்களைப் பார்க்கலாம். மனிதரோடு பழக முடியாது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வெளிநாட்டில் இருந்தால் மட்டும் பிற பண்பாட்டை அறியும் திறன் வளர்ந்துவிடுவதில்லை. அங்கே கூட இருந்து வழிகாட்ட ஒருவர் இருந்தபோதுதான் அது நன்றாக வளர்ந்தது. அதாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மகலனோபிஸ் வேண்டும்!

அம்மாவுக்கு வரும் போன்

வீட்டில் இருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நார்வே நாட்டு அறிஞர் லீஸ்கார்டு, அமெரிக்கா போய் வந்த தம் நாட்டவரை விசாரித்து 1955-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்களுக்குத்தான் மனம் ஒட்டவில்லை. எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் முதலில் தேன், பிறகு வேம்பு என்பது போய் வந்த பலருக்குத் தெரிந்ததுதான்.

இதை அறியாத குடும்பத்தில் என்ன நடக்கிறது? சில மாதம் கழித்து மகள் போனில் அழுகிறாள். அம்மா பதறுகிறாள். "பத்திரத்தை அடகு வைத்து அனுப்பினோமே!" என்று அப்பா குரலை உயர்த்துகிறார். அடுத்த வாரம் முதல் மகள் "நன்றாக இருக்கிறேன்" என்று பொய் சொல்லப் பழகிக்கொள்கிறாள். அதுதான் ஆபத்து. அழுகிற பிள்ளையைவிட, அழுகையை மறைக்கிற பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

"பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கு" என்பது பழமொழி. அதில் பாதிதான் சரி. தனக்கு ஆகாததைத் தின்ன வேண்டியதில்லை. ராமானுஜனைச் சைவத்தை விடச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தின்கிறவரைப் பார்த்து முகம் சுளிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்னத் தெரிந்தால் போதும். பேச்சும் சிநேகமும் அங்கேதான் பிறக்கின்றன.

பட்டாபிராம் வட்டாரத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒரு காரியம் செய்யலாம். வெளிநாட்டில் படித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் பழைய மாணவர்களை அழைத்து, புறப்பட இருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார வைக்கலாம். மாலை, பொன்னாடை வேண்டாம். "உனக்கு அங்கே எது புரியவில்லை? யாரிடம் கேட்டாய்?" என்று கேட்டால் போதும். ஜெர்மனியில் குப்பையைத் தனித்தனித் தொட்டிகளில் பிரித்துப் போட வேண்டும் என்று ஒருவர் சொல்வார். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்கள் என்று இன்னொருவர் சொல்வார். பேராசிரியர் தவறாகச் சொன்னால் வகுப்பிலேயே எழுந்து கேட்கலாம், கேட்காவிட்டால்தான் படிக்கவில்லை என்று நினைப்பார்கள் என்று மூன்றாமவர் சொல்வார். கேட்கிற பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். பெற்றோரையும் கூப்பிட்டு, பின் பெஞ்சில் இடம் கொடுக்க வேண்டும்.