ஸ்பீக்கர் பெட்டிக்குச் சில்லு பூட்டுங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தொடர்மாடி வீடுகளில் ஹோல் பல வேலைகளுக்கான இடம். நவராத்திரிக்குக் கொலு, திவசத்துக்குப் பந்தி, ஓகஸ்ட் விடுமுறையில் கனடாவிலிருந்து வருபவர்களுக்குப் படுக்கை, எல்லாம் அங்கேதான். அந்த ஹோலில் ஒவ்வொன்றும் 25, 30 கிலோ கனக்கும் ஆளுயரப் பெட்டிகளை வாங்கி வைப்பவர்கள், முதல் நாள் மூலையில் நிறுத்தியதோடு விட்டுவிடுகிறார்கள். பிறகு யாராலும் அசைக்க முடிவதில்லை. பிரேக் உள்ள சில்லுப் பலகையில் நிறுத்தினால் இந்தத் தொல்லை தீரும். அதனால் ஒலி கெடும் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு.

இரண்டு சுவரும் தரையும் சேரும் மூலையில் தாழ்ந்த ஒலி மிகையாகப் பெருகும். 12 அடி நீள அறை 47 ஹேர்ட்ஸ் அளவிலேயே அதிரத் தொடங்கும். தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் முழங்கிப் பாட்டின் சொற்கள் அமுங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரை விட்டு இரண்டு மூன்று அடி முன்னே இழுத்தாலே பாட்டுத் தெளியும். தொடர்மாடியில் அந்தச் சுவருக்கு அப்பால் அயலவரின் படுக்கையறை இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 12 அடி ஹோலில் மூன்று அடியை நிரந்தரமாக யார் விட்டுக்கொடுப்பார்கள்? கேட்கும்போது முன்னே வந்து, முடிந்ததும் சுவரோடு ஒதுங்கினால்தான் அது நடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குப் பல்கனிக்குள் சாரலடிக்கும்போதும் பெட்டியை உடனே உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது.

தள்ளுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தூக்கும் வேலைக்கு அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991 இல் திருத்தியமைத்த கணக்கு, எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவுக்கு மேல் ஒருவர் தூக்கக் கூடாது என்கிறது. சாதகம் என்றால் பொருள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், பிடி நன்றாக இருக்க வேண்டும், இடுப்பைத் திருப்பக் கூடாது. பிடியே இல்லாத வழுவழுப்பான பெட்டி இதில் எதற்கும் இடம் தராது. பிள்ளைகள் வெளிநாட்டில், அறுபது கடந்த பெற்றோர் மட்டும் வீட்டில் என்ற குடும்பங்கள் வெள்ளவத்தையில் நிறைய. அவர்கள் பெட்டியை ஒருபக்கம் சாய்த்து மூலை மூலையாக நகர்த்துகிறார்கள். மாபிள் கீறுப்படுகிறது, பெட்டியின் அடி உடைகிறது, நாரியும் பிடித்துக்கொள்கிறது.

ஒலிப் பிரியர்கள் உடனே மறுப்பார்கள்: கூர் ஆணிக்கால் இல்லாமல் சில்லில் நின்றால் பெட்டி ஆடும், ஒலி மங்கும் என்று. ஆணிக்கால் தடித்த கம்பளத்தைத் துளைத்துக் கீழேயுள்ள கெட்டித் தரையைத் தொடுவதற்கு உதவும். நம்முடைய ஹோல்களில் கம்பளமே இல்லை. ஆட்டத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 கிராம் நிறையுள்ள கூம்பு 5 மில்லிமீற்றர் முன்னே பாய்ந்தால், தடையே இல்லாமல் உருளும் 30 கிலோ பெட்டிகூடப் பின்னே போவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.005 மில்லிமீற்றர். பிரேக் போட்டால் அதுவும் குறையும். சில்லுப் பலகை பெட்டியை மூன்று அங்குலம் உயர்த்துவது உண்மை. கீச்சொலி ஸ்பீக்கர் காது மட்டத்தைத் தாண்டினால் தாழ்ந்த சில்லு போட வேண்டும். அடியில் காற்றுத் துவாரம் உள்ள பெட்டிக்கு, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் குழப்பாமல்தான் பலகை வைக்க வேண்டும்.

கவிழ்ந்துவிடும், வீட்டில் சிறுபிள்ளை இருக்கிறது என்ற கவலை இதைவிடப் பெரியது, நியாயமானதும்கூட. பெட்டியின் அடியளவுக்கே பலகை வெட்டி, அதற்கும் உள்ளே தள்ளிச் சில்லு பூட்டினால் கட்டாயம் கவிழும். பலகை ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் வெளியே நீள வேண்டும், சில்லுகள் அந்த விளிம்பில் இருக்க வேண்டும், பெட்டியைப் பலகையோடு இறுக்க வேண்டும். தள்ளும்போது கை பெட்டியின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும். வயர் நாலைந்து அடி கூடுதலாக இருந்தால் இழுபடாது. மாபிள் இடுக்கில் சிக்காமலிருக்க இரண்டு அங்குலச் சில்லாவது வேண்டும். கறுப்பு ரப்பர் தரையில் தடம் பதிக்கும் என்பதால் சாம்பல் நிற ரப்பர் நல்லது. கடற்காற்றில் சாதாரண இரும்பு அச்சு துருவேறி இறுகிவிடும், துருப்பிடிக்காத உருக்கு அச்சைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாம் குறுக்குத் தெருவில் பெட்டி விற்பவர்களே அளவான பலகையையும் சேர்த்துக் கொடுத்தால், வாங்குபவர் சில்லுக்குப் பழைய சோனகத் தெருவுக்கும் பலகைக்குத் தச்சரிடமும் அலையத் தேவையில்லை.