விலைக்கு வாங்கிய வெற்றி

இங்கிலாந்தில் வசிக்கும் என் நண்பர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் குளக்கரைதான் கோயில். கையில் ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு, தண்ணீரில் குட்டிப் பாய்மரப் படகை விட்டுப் பந்தயம் ஓட்டுவார். நான் போயிருந்தபோது என்னையும் அழைத்துச் சென்றார். கரையில் எட்டுப் பேர். குளத்தில் எட்டுப் படகுகள். எட்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

வீட்டிலே தானே செய்த மரப் படகோடு ஒரு பையனும் வந்திருந்தான். "இது எங்கள் வகுப்பில் சேராது, தம்பி" என்று அன்பாகவே சொல்லி அவனை ஒதுக்கிவிட்டார்கள்.

"இதுதானய்யா நியாயம்!" என்றார் நண்பர். "எல்லாருக்கும் ஒரே படகு. ஜெயிப்பது ஓட்டுகிறவன் சாமர்த்தியம். அவரவர் இஷ்டப்படி படகு செய்யலாம் என்று விட்டால், பணம் படைத்தவன்தான் ஜெயிப்பான்."

எனக்கு இது சம்மதமில்லை. அன்று மரியாதைக்காக விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ரேடியோ படகை ஓட்டுவதில்லை. சுக்கானைத் திருப்புவதும், பாயின் கயிற்றை இழுத்து விடுவதுந்தான் அதன் வேலை. ஓட்டுவது காற்று. காற்றுக்குச் சின்னப் படகு என்ற தாட்சண்யம் கிடையாது. பெரிய பாய்மரக் கப்பலின் அளவுகளை அப்படியே பத்தில் ஒன்றாகச் சுருக்கிப் பாருங்கள். அதைச் சாய்க்கும் வலு ஆயிரத்தில் ஒரு பங்காகும். நிமிர்த்தும் வலுவோ பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கொஞ்சம் காற்றடித்தாலும் படகு படுத்துவிடும்! அதனால்தான் அடியில் ஆழமாக ஒரு தகட்டை இறக்கி, அதன் நுனியில் ஈயக் குண்டைக் கட்டுகிறார்கள். சிறுகதை சுருக்கிய நாவல் அல்ல என்பது எழுதுகிறவனுக்குத் தெரியும். குட்டிப் படகும் சுருக்கிய கப்பல் அல்ல. அதைப் புதிதாக யோசித்துத்தான் செய்யவேண்டும். அந்த யோசனையில்தான் இந்த விளையாட்டின் பாதி உயிர் இருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, மீதிப் பாதிக்குக் கோப்பை கொடுக்கிறோம்.

பணக்காரன் ஜெயிப்பான் என்ற பயத்துக்கு விதியிலேயே மருந்து உண்டு. 1988-இல் ஏற்பட்ட 'ஒரு மீட்டர்' வகுப்பைப் பாருங்கள். நீளம் 1000 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது. அடித்தகடும் குண்டுமாகச் சேர்ந்து 2.2 கிலோவுக்கும் 2.5 கிலோவுக்கும் இடையில் இருக்கவேண்டும். பாய்களின் அளவுக்கும் கட்டு உண்டு. படகின் உடலுக்கு விலையுயர்ந்த கார்பன் இழை உதவாது, மரம் போதும். இத்தனைக்கும் உட்பட்டு, உடலை ஒல்லியாக இழைப்பதா, அகலமாக விரிப்பதா என்பது உங்கள் பாடு. வெண்பாவுக்கும் தளை உண்டு, சீர்க் கணக்கு உண்டு. அதற்காக எல்லாப் புலவர்களும் ஒரே வெண்பாவையா எழுதிவைத்தார்கள்?

அந்த வகுப்பிலும் பேர்பெற்ற கைகளிடம் காசு கொடுத்து வாங்கி ஜெயிப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தானே செய்தவனை அங்கே அளந்து பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே அச்சு வகுப்பிலோ, படகின் உடலைத் தன் புத்தியால் திருத்துவது சாமர்த்தியமல்ல, குற்றம்!

அன்று பந்தயம் முடிந்தபின் பையன் தன் படகைத் தனியாக மிதக்க விட்டான். அது ஒருக்களித்துச் சாய்ந்தது. "ஈயம் போதவில்லை, தகட்டையும் இன்னும் கீழே இறக்கவேண்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூக்கிப் போனான். அவனுடைய படகு ஏன் சாய்ந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தங்கள் படகு ஏன் நிமிர்ந்து நின்றது என்று அந்த எட்டுப் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நண்பரே, ஒரே அச்சுப் பந்தயத்தை மூடிவிடச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் ஒரு பந்தயத்தையாவது இழைப்புளி பிடித்த கைகளுக்குத் திறந்து விடுங்கள். அந்தப் பையன் திரும்பி வருவான். ஒருவேளை உங்களை ஜெயித்தும் காட்டுவான். அதற்கும் தயாராக இருங்கள்.