நோயை வென்றது மெய், பந்தயத்தை வென்றது?

2012 செப்டம்பர் 11 அன்று சென்னை சேப்பாக்கத்தில், புற்றுநோயிலிருந்து மீண்ட யுவராஜ் சிங் மறுபடியும் இந்திய அணிக்காக ஆடினார். நுரையீரல்களுக்கு நடுவே வளர்ந்த கட்டிக்கு அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் சிகிச்சை பெற்றிருந்தார். அந்நாட்களில் அவருக்குத் துணிவு தந்தது சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை நூல். இருவரின் சிகிச்சையிலும் பங்கேற்றவர் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன்.

1996-இல், 25 வயதில், ஆம்ஸ்ட்ராங்குக்கு விதைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அவர் பிழைத்தெழுந்து, 1999 முதல் 2005 வரை பிரான்சின் மாபெரும் சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை முதலிடம் பெற்றார். ஊக்கமருந்து வதந்தியும் முதல் வெற்றியிலேயே தொடங்கியது. "சாவைத் தொட்டு மீண்டவர் அந்த உடலில் மருந்தேற்றுவாரா?" என்ற கேள்வியே அவருக்குக் கேடயமாயிற்று. உண்மையைச் சொன்ன அணிப் பணியாளர் எம்மா ஓ'ரெய்லி, செய்தியாளர் டேவிட் வால்ஷ் போன்றோர் வழக்கையும் அவதூறையும் சந்தித்தனர்.

யுவராஜ் சேப்பாக்கத்தில் ஆடிய அடுத்த மாதமே, அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை சாட்சியங்களை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 சனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். அவர் பயன்படுத்திய மருந்துகளில் ஒன்றான ஈ.பி.ஓ., இரத்தசோகையால் வாடும் நோயாளிகளுக்கென உள்ள மருந்து என்பது வேதனையான முரண்.

இதிலிருந்து நாம் என்ன கற்கிறோம்? சரிகை அசலா போலியா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்பது பட்டு நெய்யும் நம் காஞ்சி மக்களுக்குத் தெரியும். பளபளப்பைப் பார்த்து நம்புவதும் தவறு. பக்கத்து வீட்டார் சொன்னார் என்று தள்ளுவதும் தவறு. ஒருவர் பட்ட துன்பம் நம் இரக்கத்திற்கு உரியது. ஆனால், அது அவருடைய நேர்மைக்குச் சான்றிதழ் ஆகாது. கேள்வி கேட்டவரை நோயாளிகளின் எதிரியாக்கியதே இக்கதையின் பெரும் அநீதி.

புற்றுநோயால் 1969-இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில், நம் ஊர் காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அங்கே வரிசையில் காத்திருக்கும் தாய்க்கு, "அந்த வீரனே ஏமாற்றுக்காரன், அப்படியானால் குணமும் பொய்தானோ?" என்ற ஐயம் எழலாம். இல்லை அம்மா! பட்டங்கள்தான் பொய், குணமடைந்தது மெய். அவரைக் காத்தது ஊக்கமருந்து அன்று. ஐன்ஹார்ன் 1970-களில் உருவாக்கிய சிஸ்பிளாட்டின் கூட்டுச் சிகிச்சையின் வழிவந்த மருத்துவமே அவரைக் காத்தது.

ஆகவே நம் நம்பிக்கையை வீரர்களின் பதக்கத்தில் தொங்கவிட வேண்டாம். கட்டி தென்பட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் செல்வோம். தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடாதிருப்போம். நோயுற்றவர் வீட்டுக்குத் துணையாக நிற்போம். எவர் பட்டம் பறிபோனாலும் இந்த நம்பிக்கை பறிபோகாது.