புயல் அடித்தது இரண்டு நாள்! எழுந்து நிற்க எத்தனை வருஷம்?

உழுதவன் கைக்கே நிவாரணம் கேட்டு அணிதிரள்வோம்!



2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் நம் தலையில் மழையைக் கொட்டியது. 5-ஆம் தேதி அது கரையேறியது ஆந்திராவில், பாபட்லா பக்கம். மூழ்கியதோ மீஞ்சூரும் பொன்னேரியும் பழவேற்காடும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்ந்து பெருகினால் கடைசியில் கிடக்கிற நம்ம வயலில்தான் தண்ணி நிற்கும். சம்பாப் பயிர் அழுகிப்போச்சு. வலையும் படகும் நாசமாச்சு. அது போதாதென்று மணலி ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது.

"அதான் 6,000 ரூபாய் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார்கள். கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பணம் நனைந்துபோன அரிசிக்கும் அடுப்புக்கும் பாய்க்கும் ஆச்சு. வயலுக்கு என்ன கொடுத்தார்கள்? அதைப் பேசுவோம்.

நெல்லுக்கு எக்டேருக்கு 13,500 ரூபாயை 17,000 ஆக்கினோம் என்று அறிவித்தார்கள். எக்டேர் என்றால் பெருசாத் தெரியும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 6,880 ரூபாய்! டிராக்டர் உழவுக்கும் நடவுக் கூலிக்குமே இது பத்தாது. விதை, உரம், களைக்கு எங்கே போவது? அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று அதிகாரி எழுதினால்தான். 2015-க்கு முன்னால் 50 சதவீதம் போனால்தான் ஒத்துக்கொள்வார்கள். விவசாயிகள் விடாமல் கேட்டதால் அந்த விதி மாறியது. விதி என்பது கல்வெட்டு இல்லை. கேட்டால் மாறும்.

மீனவர் கதியும் இதுதான். முழுசாப் போன வல்லத்துக்கு 1 லட்சம், வலைக்கு 15,000 என்றார்கள். ஃபைபர் படகும் எஞ்சினும் என்ன விலை விற்குது என்று அறிவித்தவர்களுக்குத் தெரியுமா? மிச்சப் பணத்துக்கு மீனவன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறான். அப்புறம் பிடிக்கிற மீனுக்கு அவர் வைத்ததுதான் விலை.

டெல்லி செய்ததையும் பாருங்கள். மிக்ஜாம் வெள்ளத்துக்கும் அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழக அரசு கேட்டது 37,907 கோடி. வருஷா வருஷம் தரும் பேரிடர் நிதி போக, 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி! நூறு ரூபாய் கேட்டவன் கையில் ஒரு ரூபாய்கூட முழுசாக வைக்கவில்லை.

பயிர் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். நெல் தண்ணியில் மூழ்கினால் வயல்வாரியாகப் பார்த்து இழப்பீடு தரும் வசதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள். 2026 காரிப் பருவம் முதல் மறுபடி சேர்க்கிறோம் என்று 2025 நவம்பரில்தான் மத்திய அரசு அறிவித்தது. மிக்ஜாம் அடித்தது நடுவில். நம்ம நெல் மூழ்கின நேரத்தில் அந்த வசதி இல்லை!

இதையெல்லாம் விடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. நம்ம பக்கத்தில் நிலத்தை உழுகிறவன் ஒருவன், பட்டா இன்னொருவர் பேரில். மனை போடலாம், கம்பெனிக்கு விற்கலாம் என்று வாங்கிப்போட்டவர் சென்னையில் இருக்கிறார். இங்கே வாய்வார்த்தைக் குத்தகைக்குப் பயிர் வைத்தவன் நகையை அடகு வைத்திருக்கிறான். வெள்ளம் வந்தால் கணக்கெடுப்பு பட்டாவை வைத்து நடக்குது. பணம் பட்டாதாரர் வங்கிக் கணக்குக்குப் போகுது. சேற்றில் நின்றவனுக்குக் கைவிரிப்பு!

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. "பேரை எழுதினால் நிலம் போய்விடும்" என்று நம்மிலேயே ஒன்றிரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருக்கும் சிறு பட்டாதாரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் சொல்கிறோம்: இந்தப் பருவத்தில் பயிர் வைத்தவர் யார் என்பதை வி.ஏ.ஓ. வயலுக்கு வந்து பார்த்து அடங்கலில் எழுதட்டும். பயிர் நிவாரணம் அவருக்குப் போகட்டும். நிலம் பட்டாதாரருக்கே இருக்கட்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் டெல்டாவைப் புரட்டிப்போட்டது. விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் செலவோடு சேர்த்து 1,100 ரூபாய். புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? நமக்கும் அதே நிலைதான். மீஞ்சூர் நிலத்தடி நீர் 1960-களிலிருந்தே உப்பேறி வருகிறது. ஆலைக்கும் சென்னைக்கும் உறிஞ்சிக் கொடுத்த கிணறுகள் இந்தப் பக்கத்தில்தான். நல்ல தண்ணி இருக்கிற ஊர்க்காரன் அடுத்த போகத்தில் எழுந்திருப்பான். நமக்கு அந்தத் தெம்பும் இல்லை. ஒரு தவணை உதவி கொடுத்து ஃபைலை மூடுவது எந்த ஊர் நியாயம்?

நமது கோரிக்கைகள்:

1. நிவாரணத்தைச் சாகுபடிச் செலவுக்கு ஏற்றபடி ஏக்கர் கணக்கில் நிர்ணயம் செய்!
2. அடங்கலில் உழுதவர் பேரை எழுது! குத்தகைதாரருக்கே பயிர் நிவாரணம் கொடு!
3. மழைக்கு முன்னால் ஆற்றுக்கரைகளைப் பலப்படுத்து! வடிகால்களைத் தூர் வாரு!
4. புயல் பாதித்த பருவத்தின் கூட்டுறவுக் கடனை வட்டியில்லாமல் தள்ளிவை!
5. வேலையிழந்த விவசாயக் கூலிப் பெண்களையும் ஏரி மீனவர்களையும் நிவாரணப் பட்டியலில் சேர்!

மனு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் மனுவும் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு ஊரிலும் கிராம சபையில் இந்த ஐந்தையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொன்னேரி தாலுகா ஆபீஸ் ஜமாபந்திக்கு அந்த நகலோடு, சாகுபடி செய்த சர்வே நம்பரையும் எழுதி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள். மனு கொடுத்தவுடன் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

வயலும் ஏரியும் ஒரே தண்ணியில்தான் மூழ்குது. விவசாயி வேறு, மீனவன் வேறு என்று பிரித்தால் இரண்டு பேருக்கும் கிடைக்காது.

அடுத்த புயல் வருமுன் அடங்கலில் உழுதவன் பேர் ஏறட்டும்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், மீஞ்சூர் ஒன்றியம்.