வண்டியைத் தூக்குவதற்கு முன்

நம்மவர்கள் அமெரிக்கா வந்ததும் வாங்கும் முதல் வண்டி கேம்ரி அல்லது அக்கார்ட். பிள்ளை பிறந்ததும் சியன்னா அல்லது ஒடிசி. ரொம்ப வருஷமாக இந்த வரிசை மாறாமல் இருந்தது. இப்போது டென்வர் பக்கம் வந்து பாருங்கள், தமிழ்க் குடும்பங்களின் வாசலிலும் பிக்கப் டிரக் நிற்கிறது. மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செடானையே ஓட்டிக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வருவதில்லை. டிரக் வந்த ஆறு மாதத்தில் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அண்ணே, லிஃப்ட் போடலாமா?"

இந்த முறை கேட்டவர் ஒரு நண்பர். டொயோட்டா டகோமா, நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், டி.ஆர்.டி. ஸ்போர்ட் மாடல். சரியாகச் சொன்னால் கேட்டது அவர் இல்லை, அவருடைய 17 வயது மகன். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஆறு அங்குல லிஃப்ட், 35 அங்குல டயர் என்று பட்டியலே வைத்திருந்தான். அப்பா ஒரு அங்குலம்கூடக் கிடையாது என்கிறார். நடுவில் இன்னொரு விஷயம்: நவம்பரில் நண்பரின் அம்மா மதுரையிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கப்போகிறார். முழங்கால் வலிக்காரர். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

தம்பியிடம் நான் சொன்னதையே இங்கேயும் முதலில் சொல்கிறேன். லிஃப்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், டயரிலிருந்து ஆரம்பியுங்கள். எந்த டயர் வேண்டும் என்பது முடிவானால், அந்த டயர் உரசாமல் திரும்ப எவ்வளவு உயரம் தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு அங்குலமும் பார்வைக்குத்தான்.

"லிஃப்ட் போட்டா கல்லுல அடி படாதே அங்கிள்?"

பாதிதான் சரி. டகோமாவின் முன்பக்கம் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன். லிஃப்ட் போட்டால் சேஸியோடு சேர்ந்து முன்பக்கம் உயரும். பின்பக்கம் அப்படி இல்லை. ஒரே இரும்பு அச்சு, அதன் நடுவில் குண்டாக டிஃபரென்ஷியல். அந்த அச்சு சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கிறது. மேலே உள்ள உடம்பை ஆறு அங்குலம் தூக்கினாலும் அந்தக் குண்டு தரையிலிருந்து இருந்த இடத்திலேயே இருக்கும். பாறை முதலில் முட்டுவது பெரும்பாலும் அதைத்தான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் கணக்கைப் பாருங்கள்: டயரின் விட்டம் ஒரு அங்குலம் கூடினால் அச்சு உயர்வது அரை அங்குலம்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் சொல்வதை நம்பி இருக்க வேண்டியதில்லை. நண்பரின் வண்டியில் இருப்பது 265/65 ஆர் 17. அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 172 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 17 அங்குல ரிம். கூட்டினால் 776 மில்லிமீட்டர், அதாவது 30.6 அங்குலம். இதையே 265/70 ஆர் 17 ஆக்கினால் 31.6 அங்குலம். 285/70 ஆர் 17 என்றால் 32.7. முதல் இரண்டும் ஒரே அகலம், அதே ரிம்மில் உட்காரும். மூன்றாவது அகலமும் கூடியது. இந்த வண்டியில் அதைப் போட்டால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது உள்ளே பிளாஸ்டிக்கும் சேஸி பக்கத்து இரும்பும் உரசும். லிஃப்ட் போட்ட பிறகும் வெட்டித் தேய்க்கிற வேலை இருக்கும். 35 அங்குலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"எங்கே ஓட்டப் போறே தம்பி?" என்று கேட்டேன். மோவாப், லெட்வில் பக்கத்து மஸ்கீட்டோ பாஸ் என்றான். நல்ல இடங்கள், நானும் போயிருக்கிறேன். வருஷத்துக்கு எத்தனை தடவை என்றதும் அவனே யோசித்து, "மூணு, நாலு" என்றான். மீதி நாளெல்லாம் பள்ளிக்கூடம், ஐ-25, காஸ்ட்கோ, கோவில், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு. மோவாபில் ஷாஃபர் டிரெயில், வைட் ரிம் மாதிரிப் பாதைகளில் தரை காய்ந்திருந்தால் கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள டகோமா போய்விட்டு வரும். அங்கே ஆறு அங்குல லிஃப்டைவிட உதவுவது டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுகிற பழக்கம். 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். திரும்ப ரோட்டில் ஏறுவதற்கு முன் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும்.

இனி எந்த மாதிரி டயர். மட் டெரெயின் டயரின் பெரிய பெரிய கட்டிகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி காது இரையும். பனிக்கட்டி படிந்த ரோட்டில் அதன் பிடிப்பும் போதாது. நம் தேவைக்கு ஆல் டெரெயின்தான். அதிலும் பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதனை செய்து தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. கொலராடோவில் இது வெறும் ஆலோசனை இல்லை. ஐ-70-ல் மோரிஸனுக்கும் டாட்செரோவுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டிராக்ஷன் சட்டம் உண்டு. டயரின் பள்ளம் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கீ போகிற குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது எடைத் தரம். 'ஈ' ரேஞ்ச் வாங்கினால் பத்து ப்ளை, பாறை குத்தாது என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே அளவில் சாதாரண டயரைவிட ஒவ்வொன்றும் சுமார் 10 பவுண்டு கனம். சக்கரத்தில் ஏறும் கனம், வண்டிக்குள் ஏற்றும் கனம் மாதிரி இல்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும், ஒவ்வொரு முடுக்கலுக்கும் அதைச் சுழற்றி, நிறுத்தி ஆகவேண்டும். ஐசன்ஹோவர் டன்னல் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்த ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் தேடிக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் கூடுதலாகப் போகும். வீட்டை இழுத்துப்போகிற வேலை இல்லாத டகோமாவுக்கு ஈ ரேஞ்ச் தேவையில்லை என்பது என் கருத்து. அப்படியும் வாங்கினால் கதவில் எழுதியிருக்கும் பழைய காற்றழுத்தத்தையே வைக்காதீர்கள். அந்த வகை டயருக்கு அதே எடையைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டும். கடையில் அட்டவணை பார்த்து வைத்துத் தரச் சொல்லுங்கள்.

டயர் ஐந்து வாங்குங்கள், நான்கு அல்ல. ஃபோர் வீலில் ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் கேடு. செல்ஃபோன் எடுக்காத மலையில் பஞ்சர் ஆனபிறகு இதை யோசிக்க முடியாது.

சரி, லிஃப்ட். 31.6 அங்குல டயர் இந்த வண்டியில் லிஃப்ட் இல்லாமலே ஏறும். அப்புறம் எதற்கு லிஃப்ட்? முன் மூக்கு இடிக்காமல் ஏறவும், நடுவயிறு தட்டாமல் மேட்டைக் கடக்கவும் கொஞ்சம் உதவும். அதற்கு முன்னால் இரண்டு அங்குலம், பின்னால் ஒரு அங்குலம் போதும். பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கியே வரும், சுமை ஏற்றினால் சமமாகட்டும் என்று. முன்னால் மட்டும் தூக்கிவிட்டு, பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் வண்டி குந்தி உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். இப்படிக் குந்த வைப்பதையே ஃபேஷனாகச் செய்கிறவர்களும் உண்டு. வட கரோலினாவில் 2021 டிசம்பரிலிருந்து அதற்குத் தடையே போட்டுவிட்டார்கள்.

முன்னால் தூக்க மலிவான வழி, ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் வளையம். சில நூறு டாலரில் வேலை முடியும். பழைய ஷாக் அப்சார்பரே இருக்கும், அது இன்னும் கீழே தொங்கும், பால் ஜாயின்ட் கடைசி எல்லை வரை போய்வரும். மால் பார்க்கிங்குக்கு அது போதும். மலைக்குப் போகிறவருக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முழு செட்டே மேல். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். ஊரில் அரிவாள் அடிக்க வாங்கிப்போவார்களே, அந்த லாரிப் பட்டையின் தம்பி. அதில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள், அல்லது முழுக் கட்டையும் மாற்றுவார்கள். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் ஆகும். ஆறு அங்குலம் என்றால் கதையே வேறு. பெரும்பாலான கிட்டுகளில் முன்பக்க இரும்பை வெட்டி, டிஃபரென்ஷியலைக் கீழே இறக்கி, பிராக்கெட் வைத்துக் கட்ட வேண்டும். பழையபடி திரும்ப வழியில்லை.

தூக்கியபின் அலைன்மென்ட் கட்டாயம். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் கோணம் பிடிபட அப்பர் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும். ஹெட்லைட்டைக் கீழே இறக்கித் திருக வேண்டும், இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண் கூசும். 2018-க்குப் பிறகு வந்த டகோமாவில் முன்னால் ராடாரும் கேமராவும் இருக்கின்றன. தானாகப் பிரேக் பிடிப்பது அவற்றை நம்பித்தான். உயரம் மாறியபின் அவற்றைச் சரிபார்க்கும் கடையா என்று முன்கூட்டியே கேளுங்கள். 265/70 டயரில் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62 போவீர்கள். 35 அங்குலத்தில் 68-ஐத் தாண்டிவிடும். போலீஸ்காரரிடம் இந்த விளக்கம் எடுபடாது.

இன்னொரு கணக்கு, கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். நண்பரின் வண்டியில் 1,100-ஐ ஒட்டி. லிஃப்ட் போட்டால் இந்த எண் கூடாது. கிட்டும் கனமான டயரும் கூட்டுகிற எடையை அதில் கழிக்கத்தான் வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்து, கூரையில் டென்ட் கட்டி, தண்ணீரும் குக்கரும் அரிசி மூட்டையும் ஏற்றினால் என்ன மிச்சம் என்று நீங்களே பாருங்கள்.

இதெல்லாம் சொன்னபோதும் தம்பி அசையவில்லை. வீட்டு மாடிப்படிக்குக் கூட்டிப்போய் அளவு நாடாவைக் கொடுத்தேன். ஒரு படி ஏழரை அங்குலம். ஆறு அங்குல லிஃப்டும் 35 அங்குல டயரும் சேர்ந்தால் ஸீட் எட்டு அங்குலத்துக்கு மேல் உயரும். அதாவது இப்போதே எட்டி ஏறுகிற வண்டிக்கு முன்னால் இன்னொரு முழுப் படி, கைப்பிடி இல்லாமல். "அப்பத்தா சேலையோட எப்படிப்பா ஏறுவாங்க?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்டெப் போர்டு போட்டா?" என்றான். போடலாம், இரண்டு அங்குலத்துக்கு அது போதும், எட்டுக்குப் போதாது.

அப்பாவிடம் தனியாகச் சொன்னது வேறு. உயரம் கூடினால் கனத்தின் மையம் மேலே போகிறது. சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தை அந்த மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் எண்தான் வண்டி கவிழ்வதற்கு எதிரான தாக்குப்பிடிப்பு. அரசின் கவிழ்ப்பு மதிப்பீட்டிலும் அந்த எண்தான் அடிப்படை. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமான பையன், மான் குறுக்கே வந்ததும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் அந்த ஒரு நொடியில் அந்த எண் முக்கியம். இன்னொன்று பானெட். தீபாவளி விழாவில் ஸ்கூல் பார்க்கிங் லாட்டில் நம் பிள்ளைகள் எப்படி ஓடும் என்று தெரியுமே. பானெட் எட்டு அங்குலம் உயர்ந்தால் முன்னால் நிற்கும் நாலு வயதுக் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் தூரமும் கூடும்.

வாரன்டி போய்விடும் என்று டீலர் பயமுறுத்துவது பாதிதான் உண்மை. 1975-ன் மேக்னஸன்-மாஸ் சட்டப்படி வெளிச்சாமான் போட்டதற்காக மட்டும் மொத்த வாரன்டியையும் மறுக்க முடியாது. அந்தச் சாமானால் கெட்டுப்போன பாகத்துக்கு மறுக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் ஐந்து 265/70 ஆர் 17 ஆல் டெரெயின், பனி முத்திரையோடு. முன்னால் இரண்டு, பின்னால் ஒரு அங்குலம், முழு செட். பக்கத்தில் ஸ்டெப் போர்டு, ஏறும்போது பிடிக்க டிரைவருக்குப் பின் ஸீட்டிலும் ஒரு கைப்பிடி. மிச்சமான பணத்தில் வண்டிக்கு அடியில் இரும்புத் தகடும் கம்ப்ரஸரும். தகடு தம்பியின் நிபந்தனை, அது நியாயமானதுதான். டயர் மாட்டியபின் 50 மைல் ஓட்டிவிட்டு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கும் வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறோம். அப்பத்தா நவம்பர் 9-ம் தேதி வருகிறார், அதற்குள் அலைன்மென்டும் முடிந்தாக வேண்டும்.